பாதி எழுதிய பால்

புக்கிட் செனா தோட்டம்,
பத்தாங் பெர்ஜுந்தை.
11.3.1984

அன்புள்ள கங்காவுக்கு,

அண்ணி அம்சவள்ளி எழுதுகிறேன். இங்கே உன் அண்ணனும் நானும் சுகம். அவருக்கு மட்டும் லோரி ஓட்டி ஓட்டி முதுகு வலி. தைலம் தேய்த்தால் வலி போகிறது, தேய்க்காவிட்டால் எனக்குத் திட்டு வருகிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? விடுதிச் சோறு பிடிக்கவில்லை என்று இளைத்துப்போய் வந்து நிற்காதே. நாத்தனாரைப் பட்டினி போட்டாள் என்று என்னைத்தான் சொல்வார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், ஆபீஸ் கணக்கெழுதும் அம்புரோஸ் கிராணி ஒரு நோட்டீஸ் வாசித்தார். ஒன்பதாம் பிளாக்கில் புதிதாக நட்ட செம்பனைக் கன்றுகளை நம் மாடுகள் மேய்ந்துவிட்டனவாம். அதனால் டிசம்பர் 31க்குப் பிறகு தோட்டத்தில் ஒரு மாடுகூட இருக்கக் கூடாது, விற்பதோ வெட்டக் கொடுப்பதோ அவரவர் பாடு என்று துரை எழுதியிருக்கிறார். வாசிக்கும்போது கிராணிக்கே குரல் இறங்கிவிட்டது. கடைசி லயத்து நல்லம்மாளை உனக்குத் தெரியுமே, நாலு மாடு வைத்திருப்பவள். அவள் நேரே ஆபீஸ் படியேறி, “கிராணியாரே, மாடு போனா எங்க வூட்டு அடுப்பு எரியாதுலா. தொரகிட்ட போய்ச் சொல்லுங்க” என்றாள். துரை வெளியே வரவில்லை.

கறவை மாடு மட்டும் இருபத்தாறு இருக்கிறது. தோட்டத்துச் சம்பளம் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் ஆயிரம் கை நீட்டும். பால் காசு ஒன்றுதான் பெண்கள் நாங்கள் யாரையும் கேட்காமல் செலவழிப்பது. நீ பள்ளிக்கூடம் போன பஸ் செலவு எந்த மடியிலிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

நீ படிப்பதே மாட்டைப் பற்றித்தானே. உன் யுனிவர்சிட்டியில் இதற்கு வழி தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள். கேட்டு எழுது. நான் மாட்டை விடுவதாக இல்லை.

உன் அண்ணி,
அம்சவள்ளி

*

மாணவியர் விடுதி,
29.3.1984

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் இளைக்கவில்லை, ஆசைப்பட்டால்கூட முடியாது, இங்கே மூன்று வேளையும் சோறு. அண்ணனின் முதுகுக்கு ஒரு பிளாஸ்டர் வைத்து அனுப்புகிறேன். மயிலி எப்படி இருக்கிறாள்? சினை எத்தனை மாதம்?

நோட்டீஸ் விஷயத்தை எங்கள் விரிவுரையாளர் டாக்டர் ரொஸ்னாவிடம் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். செம்பனைக்கு அடியில் மாடு மேய்க்கலாமா என்று சோதித்துப் பார்க்க அவர் இரண்டு வருஷமாக ஒரு தோட்டம் தேடிக்கொண்டிருக்கிறாராம். முற்றிய மரங்கள் உள்ள பிளாக்கில் மின்கம்பி வேலி போட்டு மாடுகளை விட்டால், அவை களையைத் தின்னும். தோட்டத்துக்குக் களைக்கொல்லிச் செலவு குறையும். கன்றுச் செடிகளின் பக்கம் போகாது. இதைத் துரையிடம் வந்து தாமே பேசுவதாகச் சொல்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. கால்நடை இலாகாவினர் பாலைக் குளிர வைக்கும் தொட்டி ஒன்றை அங்கேயே வைத்து, பாலை நேரடியாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் தினம் நூறு லிட்டராவது வர வேண்டும். நூறு வருகிறது என்று ஆறு மாதக் கணக்கு காட்டினால் தொட்டி வரும். தொட்டி வந்தால் கம்பெனியும் மாட்டை விரட்டாது. வராவிட்டால் டாக்டர் ரொஸ்னாவாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கணக்கு எழுத ஒரு ஆள் வேண்டும் என்றார். உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். உங்கள் கையெழுத்தைப் பார்த்துத்தானே நான் எழுதப் பழகினேன். தராசும் நோட்டும் அவரோடு வரும்.

அன்புடன்,
கங்கா

*

புக்கிட் செனா தோட்டம்,
6.5.1984

அன்புள்ள கங்காவுக்கு,

நாங்கள் நலம். பிளாஸ்டர் ஒட்டியதிலிருந்து உன் அண்ணன் தங்கச்சி தங்கச்சி என்று உருகுகிறார். பத்து வருஷமாகத் தைலம் தேய்த்த கைக்கு ஒரு வார்த்தை இல்லை. உனக்கு இருமல் என்று கேள்விப்பட்டேன். மஞ்சள் போட்டுப் பால் குடி.

உன் டாக்டரம்மா வந்தார். ஜீப் நாலாம் பிளாக் சகதியில் மாட்டிக்கொண்டது. நாங்கள் எட்டுப் பேர் தள்ளினோம், அவரும் சட்டையில் சேறு தெறிக்க இறங்கித் தள்ளினார். அப்போதே நல்லம்மாள், “இந்தம்மா நம்ம ஆளுலா” என்று சொல்லிவிட்டாள். ஆபீஸில் ஒரு மணி நேரம் பேசினார். கடைசியில் துரை நாலாம் பிளாக்கை டிசம்பர் வரை விட்டுக் கொடுத்திருக்கிறார். வேலி போட்டாயிற்று. கறுப்பன் என்கிற காளை முதல் நாளே கம்பியில் மூக்கை வைத்து ஒரு துள்ளுத் துள்ளியது; அதற்குப் பிறகு மற்ற மாடுகள் கம்பிக்குக் கும்பிடு போடாத குறைதான்.

தராசைக் கோயில் பக்கத்துக் கொட்டகையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். நோட்டு என்னிடம். ஆனால் நம் பெண்கள் இருக்கிறார்களே, பால் வாளியை முந்தானையால் மூடிக்கொண்டுதான் தெருவில் நடப்பார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதாம். இந்தக் காலத்திலுமா என்று சிரித்துவிட்டேன். அவரவர் வீட்டிலேயே அளந்து என்னிடம் சொல்கிறார்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.

மயிலி கன்று ஈன்றுவிட்டாள். கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. தராசைத் தினம் துடைத்து வைக்கிறேன் என்று டாக்டரம்மாவிடம் சொல்.

உன் அண்ணி,
அம்சவள்ளி

*

மாணவியர் விடுதி,
15.7.1984

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் போய்விட்டது, மஞ்சள் பாலுக்கு நன்றி. அங்கே மழை எப்படி? கன்றுக்குப் பெயர் வைத்தாயிற்றா?

நீங்கள் அனுப்பிய இரண்டு மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். மூன்று தடவை கூட்டினேன். ஒரு நாளைக்கு ஐம்பத்தெட்டு லிட்டர்தான் வருகிறது. நூறு எங்கே, ஐம்பத்தெட்டு எங்கே. டாக்டர் ரொஸ்னா தாளைப் பார்த்துவிட்டு, “பாவம், வயதான மாடுகளாக இருக்கும்” என்றார். எனக்கு அந்த ‘பாவம்’ பிடிக்கவில்லை.

குடற்புழு இருக்கலாம் என்று மருந்து அனுப்புகிறேன். தீவனம் என்ன கொடுக்கிறீர்கள், எத்தனை முறை தண்ணீர் காட்டுகிறீர்கள் என்றும் எழுதுங்கள். தராசு சரியாக இருக்கிறதா? ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை மாட்டிப் பாருங்கள்.

மயிலிக்கு இரண்டு லிட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஜூன் விடுமுறையில் வந்தபோது அவள் மடியைப் பார்த்தேன், அண்ணி. அது இரண்டு லிட்டர் மடியா?

அன்புடன்,
கங்கா

*

புக்கிட் செனா தோட்டம்,
5.8.1984

அன்புள்ள கங்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் அண்ணனுக்கு முதுகு தேவலை. நீ எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா? தலைமுடியைக் கவனி.

நாலாம் பிளாக்கில் களை நன்றாகக் குறைந்துவிட்டது. நான் அங்கேதான் உதிரிச் செம்பனைப் பழம் பொறுக்குகிறேன். முன்பு புல்லுக்குள் கைவிட்டுத் தேட வேண்டும், இப்போது பழம் கண்ணுக்குத் தெரிகிறது. துரைகூட ஜீப்பை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். மருந்து கொடுத்தோம். தீவனம் புல்லும் புண்ணாக்கும்தான். கன்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

பால் விஷயம், எழுதியது எழுதியதுதான். மயிலி நலம்.

அம்சவள்ளி

*

மாணவியர் விடுதி,
26.8.1984

அண்ணிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அண்ணன் போன வாரம் லோரியில் கோலாலம்பூர் வந்தபோது என்னைப் பார்த்தார். பேச்சோடு பேச்சாக, பால்காரர் உடையப்பன் இப்போதெல்லாம் காலையில் நாற்பது லிட்டர் கேன் இரண்டும் நிரப்பிக்கொண்டுதான் பெர்ஜுந்தை டவுனுக்குப் போகிறார் என்று சொன்னார். இரண்டு கேன் என்றால் எண்பது லிட்டர். அது அவர் வாங்குவது மட்டும். வீட்டுக்கு வைப்பதும் சாயங்காலக் கறவையும் தனி.

அப்படியானால் உங்கள் நோட்டில் இருப்பது என்ன? நான் உங்களைப் பார்த்து எழுதப் பழகினேன் என்று சொல்லித்தான் அந்த நோட்டை வாங்கிக் கொடுத்தேன். பொய்க் கணக்கு எழுதவா கொடுத்தேன்?

அக்டோபர் கடைசியில் இந்தச் சோதனையை நிறுத்திவிடுவதாக டாக்டர் ரொஸ்னா சொல்லிவிட்டார். ஐம்பத்தெட்டு லிட்டருக்கு யாரும் தொட்டி வைக்க மாட்டார்கள். டிசம்பரில் துரையின் நோட்டீஸ் அப்படியே நிற்கும். உங்களிடம் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் கடைசி வருஷ ஆய்வேடே இதுதான். மற்ற மாணவர்கள் சுலபமான தலைப்பு எடுத்தார்கள். எங்கள் தோட்டத்துப் பெண்கள் செய்து காட்டுவார்கள் என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் எழுந்து சொன்னவள் நான்.

கங்கா

*

மாணவியர் விடுதி,
30.9.1984

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிறது, உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. உடம்புக்கு ஏதாவதா? அண்ணனிடம் கேட்டேன், அவர், “அவ நல்லாத்தான் இருக்கா, ஒன் கடுதாசிய மட்டும் அரிசி டின்னுக்குள்ள வச்சிருக்கா” என்றார்.

போன கடிதத்தில் கோபத்தில் எழுதிவிட்டேன். பொய் என்ற வார்த்தையை எழுதியிருக்கக் கூடாது. ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது. ஏன் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கங்கா

*

புக்கிட் செனா தோட்டம்,
10.10.1984

அன்புள்ள கங்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசைப் பற்றிக் கேட்டால்தான் பதில் நீளும்.

நீ எழுதியது உண்மை. அந்த நோட்டில் இருப்பது பாதிப் பால். பெண்கள் யாரும் என்னை ஏமாற்றவில்லை. “பாதியச் சொல்லுங்கடி, நான் எழுதிக்கிறேன்” என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். தராசைத் துடைத்து வைத்தேன் என்று எழுதினேனே, துடைக்க மட்டும்தான் செய்தேன். நம் பெண்களைப் பார்த்துச் சிரித்தேன் என்று எழுதினேனே, அவர்களைவிடப் பயந்தவள் நான். எல்லாரும் பாதி சொன்னார்கள். ஆறு லிட்டர் கறக்கும் மயிலிக்கு இரண்டு என்று எழுதியவள் நான் ஒருத்திதான்.

ஏன் என்று கேட்டாய். அதற்குத்தான் இத்தனை நாள் பேனா ஓடவில்லை. உன்னிடம் சொல்லாமலே செத்துப் போகலாம் என்றிருந்தேன்.

உனக்கு வெள்ளச்சி நினைவிருக்கிறதா? மயிலியின் தாய். 1978இல், நீ பதினைந்து வயசுப் பெண். ஒருநாள் காலை குழாயடியில் தோட்டமே தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றது. நீ குடத்தை வைத்துவிட்டு, “எங்க அண்ணி மாடு எட்டு போத்தல் கறக்குது. ஒங்கள்ல யார் மாடாச்சும் கறக்குமா?” என்று கத்தினாய். பெருமையில்தான் சொன்னாய். எட்டாம் நாள் வெள்ளச்சி வாயில் நுரை தள்ளி விழுந்தது. மயிலி அப்போது இருபது நாள் கன்று; துணியில் பாலை நனைத்து நனைத்து நான் வளர்த்தேன்.

அன்றைக்கு உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை திருஷ்டி சுற்றும்போது ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு என்று சொல்வோமே, உறவுக்கண்ணு என்று வாய் சொல்லும்போதெல்லாம் எனக்கு உன் முகம்தான் வந்தது. ஆறு வருஷமாக உனக்குச் சோறு போட்ட கையால் இதை எழுதுகிறேன். நீ கேட்ட கணக்கு உன் கைக்கு வரும், உன் வாயால் படிப்பாய் என்று தெரிந்ததும் என் கை தானாகக் குறைத்து எழுதியது.

இப்போது சொல்லிவிட்டேன். நீ என்னைத் திட்டலாம். மாட்டை மட்டும் விட மாட்டேன். எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. எல்லார் பாலையும் ஒரே டிரம்மில் ஊற்றி நிறுத்தால் யார் கண்ணும் யார் மாட்டின்மேலும் விழாது. டாக்டரம்மாவிடம் கேள்.

அண்ணி

*

மாணவியர் விடுதி,
18.10.1984

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். அப்படித்தான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்த அன்று வகுப்புக்குப் போகவில்லை.

குழாயடியில் நான் கத்தியது நினைவிருக்கிறது. அன்றைக்குப் போட்டிருந்த பாவாடையின் நிறம்கூட நினைவிருக்கிறது. அந்த வாரம் ஒன்பதாம் பிளாக்கில் லாலாங் புல்லுக்கு விஷ மருந்து அடித்தார்கள் என்பதும் நினைவிருக்கிறது. வெள்ளச்சி அங்கேதான் மேய்ந்தது. இதை வாதாட எழுதவில்லை. நான் படித்த படிப்புக்கு இது தெரிகிறது, அவ்வளவுதான். நீங்கள் இத்தனை வருஷமும் பயந்துகொண்டே எனக்குத் தலை வாரிவிட்டிருக்கிறீர்கள். அதை நினைத்துத்தான் அழுதேன்.

டாக்டர் ரொஸ்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர், தஞ்சோங் காராங்கில் நெல் வயல் வைத்திருக்கும் தம் அம்மா, பிறந்த குழந்தையைக் கனமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் வாயைப் பொத்திவிடுவார் என்றார். “அளந்து தா என்று கேட்ட நாங்கள், அளப்பதில் உங்களுக்கு என்ன பயம் என்று கேட்கவில்லை. தப்பு எங்கள் பேரில்தான்” என்று சொன்னார். இலாகாவிடம் பேசி ஒரு மாத அவகாசம் வாங்கியிருக்கிறார்; ஆறு மாதக் கணக்குக்குப் பதிலாக அவர்களே நேரில் வந்து அளந்து பார்ப்பார்களாம். பழைய கணக்கு முழுவதையும் தள்ளிவிட்டோம். ஆய்வேடு கொஞ்சம் தாமதமாகும், அதைப் பற்றி யோசிக்காதீர்கள்.

டிரம் யோசனை அவருக்கு மிகவும் பிடித்தது. மொத்தக் கணக்குக்கு அது போதும். ஆனால் ஒவ்வொரு மாட்டுக்கும் தனிக் கணக்கும் வேண்டுமாம். ஒரு மாட்டுக்கு நோய் வந்தால் முதலில் குறைவது பால்தான். எண் இல்லாவிட்டால் அது தெரியாது. இதை நீங்கள்தான் பெண்களிடம் பேச முடியும்.

நவம்பர் பத்தாம் தேதி அவரும் இலாகா அதிகாரியும் வருவார்கள். நான் வரவில்லை, அண்ணி. நான் அங்கே இல்லாவிட்டால் உங்களுக்குச் சற்று தைரியமாக இருக்கும்.

கங்கா

*

புக்கிட் செனா தோட்டம்,
18.11.1984

அன்புள்ள கங்காவுக்கு,

நாங்கள் நலம். நீ சாப்பிடுகிறாயா என்று கேட்கிறேன், உண்மையைச் சொல்.

பத்தாம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். விடியும்போதே இருபத்தாறு வாளியும் முந்தானைக்குள் ஒளிந்து வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் டிரம்மில் ஊற்றி அளந்தார்கள். சாயங்காலம் மறுபடியும். மொத்தம் நூற்று ஒன்பது. அதிகாரி இரண்டாம் தடவை அளக்கச் சொன்னார். அப்போதும் நூற்று ஒன்பதுதான். அம்புரோஸ் கிராணி கைதட்டிவிட்டு, துரை பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலை டாக்டரம்மா தனிக் கணக்கு கேட்டார். தராசு தொங்குகிறது, யாரும் அசையவில்லை. நல்லம்மாள் மண்ணைப் பார்க்கிறாள். டாக்டரம்மா அதட்டவில்லை, காத்துக்கொண்டு நின்றார். நான் பாதியைச் சொல்லச் சொன்னவள். முழுசைச் சொல்வதும் நான்தானே. மயிலியின் வாளியைக் கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டினேன். முள் நின்றது. “மயிலி. காலையில நாலு லிட்டர், நேத்துச் சாயங்காலம் ரெண்டே கால். ஆறே கால் லிட்டர்” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

பிறகு நல்லம்மாள் தன் வாளியை மாட்டினாள். “செத்தா ஒன் மாடும் எம் மாடும் சேந்து சாவட்டும்லா” என்றாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். இப்போது தினம் நடக்கிறது. நான் தினமும் பயப்படுகிறேன், தினமும் சொல்கிறேன்.

நீ வராதது எனக்குத் தைரியமாக இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

அண்ணி

*

புக்கிட் செனா தோட்டம்,
9.12.1984

கங்காவுக்கு,

உன் அண்ணனும் நானும் சுகம். மயிலிக்குச் சுகமில்லை.

போன திங்கட்கிழமை சாயங்காலக் கறவை ஒரு லிட்டர் குறைந்தது. நோட்டில் எழுதும்போது பேனா நின்றுவிட்டது. முன்பாக இருந்தால் கன்று குடித்திருக்கும் என்று விட்டிருப்பேன். மடியைத் தொட்டுப் பார்த்தேன், பின்பக்கத்து ஒரு காம்பு சுட்டது. உன் அண்ணன் உடனே மோட்டார் சைக்கிளில் கோல சிலாங்கூர் போய்க் கால்நடை டாக்டரைக் கூட்டிவந்தார். மடிநோய் என்றார். நாலு நாள் ஊசி. அந்தக் காம்பு இனிக் கறக்காது, மற்ற மூன்றும் பிழைக்கும், ஒருநாள் தாமதித்திருந்தால் மாடே போயிருக்கும் என்று சொன்னார்.

ஊர் முழுக்க என்னைப் பார்க்கிறது. வாயால் சொன்னாள், வந்துவிட்டது பார் என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை தராசுக்கு நல்லம்மாளைத் தவிர ஒருத்தியும் வரவில்லை. நான் போனேன். ஊசி போட்ட பாலைக் கீழேதான் கொட்ட வேண்டும், ஆனாலும் கொக்கியில் மாட்டி, “மயிலி, ரெண்டு லிட்டர்” என்று சொன்னேன். இந்தத் தடவை அது உண்மையான இரண்டு. பிறகு எல்லாரையும் கூப்பிட்டு நோட்டைக் காட்டினேன். எண்ணைச் சொன்ன பிறகு வந்த நோய்தான், ஆனால் எண் இருந்ததால்தான் கண்ணில் பட்டது, மாடு உயிரோடு நிற்கிறது, வந்து பாருங்கள் என்றேன். நேற்று பதினெட்டு வாளி வந்தது.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டால் பழியை உன்மேலேயே போட்டுக்கொள்வாய் என்றுதான் எழுதுகிறேன்.

அண்ணி

*

மாணவியர் விடுதி,
19.12.1984

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். மயிலிக்கு எப்படி இருக்கிறது? கறப்பதற்கு முன்னும் பின்னும் மடியைச் சுடுநீரில் துடையுங்கள். மருந்து அனுப்பியிருக்கிறேன். கன்றை அந்தக் காம்பில் விட வேண்டாம்.

இலாகாவின் முடிவு இன்னும் சில நாளில் தெரிந்துவிடும் என்று டாக்டர் ரொஸ்னா சொன்னார். மயிலியின் கணக்கை அவர் மற்ற மாணவர்களுக்குப் பலகையில் எழுதிக் காட்டினார்.

பொங்கலுக்கு ஆய்வேட்டு வேலை நிறைய இருக்கிறது. வர முடியாது போலிருக்கிறது. அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
கங்கா

*

புக்கிட் செனா தோட்டம்,
6.1.1985

அன்புள்ள கங்காவுக்கு,

நாங்கள் நலம், மயிலி நலம், பெயர் வைக்காத கன்றும் நலம். நீ நலமாக இல்லை என்று உன் கையெழுத்தே சொல்கிறது.

டிசம்பர் 31 காலை அம்புரோஸ் கிராணி மறுபடியும் ஒரு நோட்டீஸோடு வந்தார். இந்தத் தடவை குரல் இறங்கவில்லை. நாலாம் பிளாக்கிலும் ஐந்தாம் பிளாக்கிலும் யுனிவர்சிட்டி மேற்பார்வையில் இரண்டு வருஷத்துக்கு மாடுகள் மேயலாம், பிப்ரவரியில் கோயில் பக்கத்தில் குளிர்த்தொட்டி வரும். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் என்ன என்று நல்லம்மாள் கேட்டாள். அப்போதும் கணக்கு காட்டுவோம் என்றேன். உடையப்பன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்; டவுன் கடைகளுக்குத் தொட்டியிலிருந்து பால் ஏற்றும் வேலையை அவருக்கே கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம், இப்போது சிரிக்கிறார்.

இருபத்தாறு வாளியும் தராசுக்கு வருகின்றன. தராசுக் கொக்கியில் நல்லம்மாள் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டிவிட்டாள். டாக்டரம்மா அதைப் பார்த்து, அதன் கனத்தைக் கழித்துக்கொண்டு எழுதுங்கள் என்று மட்டும் சொன்னார்.

இனி உன் விஷயம். ஆய்வேட்டு வேலை என்று எழுதியிருக்கிறாய். பாதியை எழுதி மீதியை மறைப்பது எனக்கே கைவந்த கலை, என்னிடமே காட்டுகிறாயா? நீ வராமல் இருப்பது மயிலிக்குக் காவல் என்று நினைக்கிறாய். எனக்கும் பயம் முழுக்கப் போய்விடவில்லை. போன பிறகுதான் உன்னைக் கூப்பிடுவது என்றால் இரண்டு பேரும் கிழவியாகிவிடுவோம்.

மாட்டுப் பொங்கலுக்கு முதல் நாளே வந்துவிடு. கன்றுக்கு நீதான் பெயர் வைக்க வேண்டும். காலையில் நான் கறந்து கொடுக்கிறேன், நீ வாளியைக் கொக்கியில் மாட்டு. மயிலி இப்போது மூன்று காம்பில் நாலரை லிட்டர் கொடுக்கிறாள். கொட்டகையில் மெதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதே. குழாயடியில் எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் நேரம் பார்த்துப் போய், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்று சொல். நான் உன் பக்கத்தில் குடத்தோடு நிற்பேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அண்ணி அம்சவள்ளி